இரண்டு முறை திறந்த குழாயும் என் தம்பி எடுத்த படமும்

என் தம்பி சிலுவைராஜ் 1934-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பதினான்காம் தேதி, சிலுவைத் திருநாளன்று, மூங்கில்கானம் எஸ்டேட்டில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயங்களில் ஐந்தாம் லயத்து மூன்றாவது வீட்டில் பிறந்தான். எனக்கு அப்போது ஏழு வயது. எட்டாம் வகுப்புவரை படித்தான். நான் ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் லயத்தில் எட்டு படித்தவன் அவன் ஒருவன்தான் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். பின்னால் மறந்துபோனாலும் போகலாம்.

எஸ்டேட் குமுளியிலிருந்து ஏழு மைல். அப்பாவும் அம்மாவும் தவறிய பிறகு தம்பிக்குத் தேயிலை ஃபாக்டரியில் பேர் விழுந்தது. பேர் என்றால் கம்பெனிப் புத்தகத்தில் உள்ள பேர். காலை ஆறரைக்குப் பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், கூப்பிடுவார்கள். பேர் இருந்தால் வேலை, வேலை இருந்தால் வீடு. பேரை அடித்துவிட்டால் பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்குப் பேர் கிடையாது. ஒரு தையல் மெஷின் உண்டு. ஆகவே நானும் மெஷினும் இருந்தது அவன் பேரில்தான்.

அவன் சினிமாவுக்குள் போனது பெப்பீனோ சாமியால். அவர் இத்தாலிக்காரர். 1955-இல் எங்கள் கோவிலுக்குப் பங்குச் சாமியாராக வந்தபோது மூன்று பெட்டி கொண்டுவந்தார். ஒன்றில் துணிமணி, ஒன்றில் படம் காட்டும் மெஷின், மூன்றாவதில் அவருடைய ஊர்ப் படம் ஒன்று. ஃபாக்டரியிலிருந்து நானூறு அடி ஒயர் இழுத்து, நான் தைத்துக் கொடுத்த வெள்ளை வேட்டித் திரையில் அதைக் காட்டினார்.

அந்தப் படத்தின் கதை இதுதான். இத்தாலியில் ஒரு மலையூர். அந்த ஊர் மேயர் ஒரு கோபுரம் கட்டி அதில் பெரிய கடிகாரம் வைக்கிறார். கடிகாரம் ஓடவில்லை. ஓடவில்லை என்று சொன்னால் மேயருக்கு மரியாதைக் குறைவு. அதனால் ஏணியோடு ஓர் ஆளை உள்ளே உட்காரவைத்து, முள்ளைக் கையால் தள்ளச் சொல்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து, எங்கள் ஆட்சியில்தான் இந்தக் கடிகாரம் வந்தது, எங்கள் மணிப்படி ஓட்டு என்கிறார்கள். ஏணிக்காரன் காலையில் ஒரு கட்சி மணி காட்டுகிறான், மாலையில் இன்னொரு கட்சி மணி காட்டுகிறான். ஊரில் ஒருவருக்கும் சாப்பாட்டு நேரம் தெரியவில்லை.

பேச்செல்லாம் இத்தாலியில் இருந்தது. சாமியார்தான் பக்கத்தில் நின்று தமிழில் விளக்கினார். அவருடைய தமிழ் புத்தகத் தமிழ். ஒரு காட்சியை அவர் சொல்லி முடிக்கும் முன்பு மூன்று காட்சி ஓடிவிடும். இரண்டாவது முறை காட்டியபோது தம்பி எழுந்து நின்று, "சாமி, நான் சொல்லட்டுமா?" என்றான். அவனுக்கு இத்தாலி ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் சாமியாரிடம் கதையைக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தான். மேயருக்கு எங்கள் எஸ்டேட் சங்கத் தலைவர்களின் குரல், மேயர் மனைவிக்குக் குமுளிச் சந்தைக்காரியின் குரல், ஏணிக்காரனுக்கு அவனுடைய சொந்தக் குரல். ஆள்கள் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. அந்தப் படத்தைப் பதினேழு முறை காட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஆள்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. திரையில் எது ஓடினாலும் சிலுவைராஜ் வாயால் சொல்லாதவரை அதைப் பார்த்த மாதிரியே எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

தம்பி அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டிருந்தான். "யக்கா, அந்தப் படத்துல ஏணிக்காரன் ஒருத்தரையும் வைய மாட்டான், கவனிச்சியா? சொன்னதச் செய்வான், அவ்வளவுதான். சிரிக்கது நாம" என்பான். சாமியாரும் அவனுக்குக் கதை சொல்லுவார். உலகச் சண்டை முடிந்த சமயத்தில் அவருடைய ஊரில் ஸ்டூடியோ இல்லாமல், கரண்ட் இல்லாமல், துண்டு துண்டாகக் கிடைத்த ஃபிலிமை ஒட்டவைத்துத் தெருவில் நின்று படம் எடுத்தார்களாம். நடித்ததெல்லாம் தெருவில் போகிறவர்களாம். மழைக்கு அவர்கள் பயப்படவில்லையாம். படம் முடிந்து அரசாங்க ஆபீஸில் காட்டும்போதுதான் பயப்படுவார்களாம். அதிகாரிகள் தங்களையும் படம் பிடிக்கச் சொல்லி வந்து நின்றால், ஃபிலிம் போடாத கேமராவைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவார்களாம். "சத்தம் கேட்டால் போதும், அவர்கள் திருப்தி அடைகின்றார்கள்" என்றார் சாமியார். இதைச் சொன்னபோது அவர் எதற்கு வழிகாட்டுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

1956 கடைசியில் சாமியாருக்கு அவருடைய ஊரிலிருந்து ஒரு கேமராவும் ஆறு சுருள் ஃபிலிமும் வந்தன. எங்கள் கோவிலுக்கு மணி கொடுத்தவர்கள் அனுப்பியது. அந்த மணி அடிப்பதைப் படமெடுத்து அனுப்பினால் அவர்கள் பார்ப்பார்களாம். சத்தமில்லாத படத்தில் மணி அடிப்பதை எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் கேட்டேன். "அவர்கள் விசுவாசிகள்" என்றார் சாமியார். அவருக்கு மலேரியாவில் கை நடுக்கம். அதனால் கேமராவைத் தம்பி கையில் கொடுத்தார்.

கேமராவுக்குக் கடிகாரம் போலச் சாவி கொடுக்க வேண்டும். ஒரு சாவிக்கு இருபத்தெட்டு விநாடி ஓடும். ஒரு சுருள் மூன்று நிமிஷம்கூட வராது. வெளிச்சம் பட்டால் ஃபிலிம் கெட்டுவிடும் என்பதால், சாமியாரின் பழைய அங்கியை வெட்டி, இரண்டு கை நுழைக்கும் இடம் வைத்து, உள்ளே இரட்டைத் துணி கொடுத்து ஒரு கறுப்புப் பை தைத்துக் கொடுத்தேன். ஓர் ஊசி ஓட்டை வழியாகக்கூட வெளிச்சம் போகாது. அப்படியும் இரண்டு சுருளில் மழை ஈரத்தால் பூஞ்சை பிடித்துவிட்டது. மீதி நான்கு. ஒன்றில் மணி. இன்னொன்றில் ஃபாக்டரி. ஒயர் தந்தவர் மானேஜர், அவருடைய தேயிலை உருட்டும் உருளை மெஷினைப் படமெடுக்காமல் முடியாது. கடைசியாகத் தம்பியிடம் இருந்தது இரண்டே சுருள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் எஸ்டேட்டுக்குக் குழாய் வந்தது.

எங்கள் மலையில் தொழிலாளர் சங்கம் இரண்டு. ஆபீஸ் மேல் ரோட்டில் இருந்தது மேல் சங்கம், கீழ் ரோட்டில் இருந்தது கீழ் சங்கம். மேல் சங்கத் தலைவர் சுவக்கீன், கீழ் சங்கத் தலைவர் ஞானமுத்து. இரண்டு பேரும் எங்களுக்காக உழைத்தார்கள். யார் அதிகமாக உழைத்தார் என்பதுதான் சண்டை. நவம்பரில் எங்களை ஒரு ராஜ்யத்திலிருந்து எடுத்து இன்னொரு ராஜ்யத்தில் சேர்த்தார்கள். அதற்கும் இரண்டு பேரும் கூட்டம் போட்டார்கள். ஓடையிலிருந்து லயத்துக்குக் குடம் தூக்கும் தூரத்தில் ஓர் அடியும் குறையவில்லை. மார்ச்சில் ஓட்டு வருகிறது என்றதும் கம்பெனி ஒரு தொட்டி கட்டி, குழாய் போட்டு, லயத்து முகப்பில் ஒரு பித்தளைத் திறப்பானும் வைத்தது. ஓடையிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் இஞ்சின் மட்டும் கொச்சியிலிருந்து வரவேண்டியிருந்தது. திறப்புவிழாத் தேதி முந்திவிட்டது.

குழாய் ஒன்று, தலைவர் இரண்டு. மானேஜர் கணக்காகப் பிரித்துக் கொடுத்தார். ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஞானமுத்து திறப்பது, மாலை நாலு மணிக்கு அதே குழாயைச் சுவக்கீன் திறப்பது. ரிப்பன் இரண்டு தைத்துக் கொடுத்தது நான். ஒரே துணி.

இரண்டு தலைவர்களும் தனித்தனியே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் ஞானமுத்து.

"ஏ சிலுவை, குழாயத் தொறக்கையில மொதல்ல என் கை தெரியணும். பொறவு மூஞ்சி. அதுக்கப்புறம்தான் தண்ணி."

"சரி அண்ணாச்சி."

"மேல் சங்கத்தான் வந்து கேட்டா ஃபிலிமு தீந்துட்டுன்னு சொல்லிரு."

அவர் போய் அரைமணி நேரத்தில் சுவக்கீன் வந்தார். அவர் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காருகிறவர்.

"பிலோமி, ஒன் தம்பிட்டச் சொல்லு. எனக்கு இடது பக்கம்தான் எடுப்பா இருக்கும். ஞானமுத்து வந்தானா?"

"இப்பத்தான் போறாரு அண்ணாச்சி."

"எந்தப் பக்கம் கேட்டான்?"

"கை கேட்டாரு."

"கைய மட்டும் எடுத்துக் குடு. போதும் அவனுக்கு."

போகும்போது இரண்டு பேருமே ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். படம் ஓடும்போது தம்பி படிக்க வேண்டிய விளக்கம். சொந்தக் கையெழுத்தில் எழுதி, கீழே கையொப்பமும் போட்டிருந்தார்கள். தம்பி சொல்லாததை எங்கள் ஆள்கள் நம்பமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு தாளையும் நான் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். பெயரைத் தவிர அநேகமாக ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கங்காணி லயத்துக்கு வந்து பெண்களைக் கூப்பிட்டார். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் குழாயை எப்படித் திறப்பது? இருபத்தெட்டுப் பெண்கள் ஓடையிலிருந்து குடம் தூக்கித் தொட்டியை நிரப்பினோம். பேர் உள்ளவர்களும் இல்லாதவர்களும். ஞாயிறு என்பதால் அதற்குப் பேர் போடவில்லை, கூலியும் இல்லை. ஆளுக்கு ஒரு பன் கொடுத்தார்கள். என் பங்குக்குப் பதினோரு குடம். வழுக்குப் பாறை தாண்டி மேலே ஏறும்போது தம்பி ஒரு பாறைமேல் நின்று கேமராவைச் சுற்றிக்கொண்டிருந்தான். "போலே, மூஞ்சிகூடக் கழுவல!" என்று சந்தனமேரி சத்தம் போட்டாள். எங்கள் லயத்தில் வேகமாகக் கொழுந்து எடுப்பவள் அவள்தான். வாயும் அதே வேகம். கங்காணி கேட்டதற்கு, "மெஷினு ஓடுதான்னு பாக்கேன்" என்றான் தம்பி.

பத்து மணிக்கு ஞானமுத்து ஐம்பது நிமிஷம் பேசிவிட்டுத் திறந்தார். தண்ணீர் பதினொரு நிமிஷம் வந்தது. பிள்ளைகள் குளித்து முடித்தார்கள். தொட்டி காலி. பகல் ஒரு மணிக்குக் கங்காணி மறுபடியும் வந்தார். மறுபடியும் குடம் தூக்கினோம். மறுபடியும் தம்பி பாறைமேல். நாலு மணிக்கு மேகம் இறங்கிவிட்டது. ரிப்பனே தெரியவில்லை.

"சிலுவை, மஞ்சு மூடிட்டே. படம் விழுமா?" என்று சுவக்கீன் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லா விழும் அண்ணாச்சி. அப்படியே நில்லுங்க. அசையாதிய."

கேமரா கிர்ரென்று ஓடியது. அவர் திருப்தியாகச் சிரித்தார்.

சுருள்கள் பம்பாய்க்குப் போய்க் கழுவித் திரும்பி வந்தது பிப்ரவரி 19. அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"யக்கா, ஒண்ணு சொல்லுவேன். வையக்கூடாது."

"சொல்லுலே."

"தலைவர் ரெண்டு பேரும் படத்துல இல்ல."

"இல்லன்னா? விழலையா?"

"எடுக்கவே இல்ல. வெறும் கேமராவத்தான் சுத்துனேன். இருந்தது ரெண்டு சுருளு. காலையில நீங்க தண்ணி செமந்தது ஒண்ணு, மத்தியானம் செமந்தது ஒண்ணு. அவ்வளவுதான்."

தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். எனக்கு முதலில் தோன்றியது படமல்ல, வீடு. "ஒன் பேர அடிச்சிருவானுவலே. பதினஞ்சு நாளு. நான் இந்த மெஷினத் தூக்கிட்டு எங்க போவேன்?" என்று கேட்டேன்.

"சாமிகிட்டச் சொல்லி, சனிக்கிழமை காட்டாம நிறுத்திரலாமா?"

"ஓட்டுக்கு மின்ன காட்டியாகணும்னு ரெண்டு பேரும் நோட்டீஸ் அடிச்சி ஒட்டிட்டாவளே, பாக்கலையா?"

அவன் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்து விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "எனக்குச் சொன்னது இதப் படின்னுதான? நான் இதத்தான் படிக்கப் போறேன். ஒரு வார்த்தை கூட்டாம, கொறைக்காம" என்றான். எனக்கு அது புரியவில்லை. ஏதோ தப்பிக்க வழி கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்து, காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 23, சனிக்கிழமை மாலை ஏழு மணி. கோவில் மைதானத்தில் முந்நூறு பேருக்குக் குறையாது. முன்வரிசையில் இரண்டு நாற்காலி. மாலையோடு ஞானமுத்து, மாலையோடு சுவக்கீன், நடுவில் மானேஜர். பெண்கள் எல்லாரும் பின்னால் தரையில். முதலில் மணி ஓடியது. பிறகு உருளை மெஷின் ஓடியது. மானேஜர் தலையாட்டினார். மூன்றாவது சுருள் தொடங்கியதும் தம்பி திரையின் பக்கத்தில் நின்று, ஞானமுத்துவின் தாளை டார்ச் வெளிச்சத்தில் வைத்து, கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசுவார்களே அந்தக் குரலில் படிக்கத் தொடங்கினான்.

"இதோ! தாகத்தால் வாடிய தொழிலாளர் குலத்துக்குத் தன் தோள் வலிமையால் தண்ணீர் கொண்டுவரும் எங்கள் தலைவர் ஞானமுத்து அவர்கள்!"

திரையில் சந்தனமேரி இடுப்பில் குடத்தோடு மலையேறி வந்தாள்.

 எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், தம்பியைப் பார்த்தார்கள், மறுபடியும் திரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து சந்தனமேரியின் குரல் வந்தது:

"ஏ ஆத்தா! தலைவரு சேல கெட்டியிருக்காரே!"

அந்தச் சிரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது. தம்பி சிரிக்கவில்லை. தாளிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

"தலைவரின் நெற்றியில் அரும்பும் வியர்வையைப் பாரீர்! அது நமக்காகச் சிந்தும் வியர்வை!"

சிசிலி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் எங்கள் பக்கத்து வீடு. அப்போது அவளுக்கு ஆறு மாதம்.

"எத்தனை முறை சறுக்கினாலும் எழுந்து நிற்பவர் நம் தலைவர்!"

வழுக்குப் பாறையில் ஒருத்தி சறுக்கிக் குடத்தோடு விழுந்தாள். விழுந்தது நான்தான். எழுந்தும் நின்றேன்.

சுவக்கீனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞானமுத்துவின் பக்கம் சாய்ந்து, "நல்லா இருக்குவே படம்!" என்றார். ஞானமுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் நான்காவது சுருள் வந்தது. தம்பி தாளை மாற்றினான்.

"இதோ! தாகத்தால் வாடிய தொழிலாளர் குலத்துக்குத் தன் தோள் வலிமையால் தண்ணீர் கொண்டுவரும் எங்கள் தலைவர் சுவக்கீன் அவர்கள்!"

அதே பாறை, அதே குடங்கள், அதே பெண்கள். "இவரும் சேலதான்டீ!" என்றாள் சந்தனமேரி. இப்போது ஞானமுத்து சிரிக்கப் பார்த்தார். சுவக்கீனோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முதன்முறையாக இரண்டு தலைவர்களும் ஒரே குரலில், ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்:

"நிறுத்து!"

மானேஜர் கையைத் தூக்கினார். ஃபாக்டரியில் யாரோ ஸ்விட்சை இறக்கினார்கள். நான்காவது சுருளில் பாதிகூட ஓடியிருக்காது.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்தில் தம்பியின் பேரைக் கூப்பிடவில்லை. விசாரணை முடியும்வரை பேர் நிறுத்தம் என்றார் ஹெட் கிளார்க். அன்றே ஆபீஸில் விசாரணை. சங்கங்கள் ஆரம்பித்து எட்டு வருஷத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டது அன்றுதான். என்னையும் சாட்சிக்கென்று வெளியே உட்காரவைத்திருந்தார்கள். கதவு திறந்தேதான் இருந்தது.

மானேஜர் கோட்டயம் பக்கத்துக்காரர், பேச்சில் மலையாளம் கலந்துவிடும். துரைமார் போன பிறகும் அவரையும் துரை என்றுதான் சொல்லுவோம்.

"எந்தாடோ சிலுவைராஜ், தலைவர்மாரைப் பரிகாசம் பண்ணியதாக் கம்ப்ளெயின்ட்."

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. அவங்க எழுதிக் குடுத்ததப் படிச்சேன். தாளு இந்தா இருக்கு, கையெழுத்தோட."

மானேஜர் இரண்டு தாளையும் படித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"இது நிங்கள் எழுதினதா?"

"எழுதுனது நாந்தான்" என்றார் ஞானமுத்து. "ஆனா படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைய்யா!"

"சம்பந்தமில்லையா? தண்ணி கொண்டுவந்ததுன்னு எழுதியிருக்கு. படத்தில தண்ணி கொண்டுவருது."

"கொண்டுவாரது பொம்பளையளு!" என்று கத்தினார் சுவக்கீன்.

"அப்போ தண்ணி கொண்டுவந்தது நிங்கள் இல்லை. மனசிலாயி." மானேஜர் பேனாவை எடுத்தார். "அப்படியே எழுதட்டே?"

இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத வேண்டாம் என்றார்கள். மானேஜர் விடவில்லை. வக்கீலுக்குப் படித்தவர் என்று சொல்லுவார்கள். "தொட்டியில குடம் வச்சு நிறைக்க ஆர்டர் கொடுத்தது ஆரு?" என்று ஹெட் கிளார்க்கைப் பார்த்துக் கேட்டார். ஹெட் கிளார்க் இருமினார். ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை மெதுவாகத் திருப்பி வைத்தார். அந்த ஆர்டரின் கீழே இருந்தது மானேஜரின் சொந்தக் கையெழுத்து.

அதன்பிறகு விசாரணையின் போக்கு மாறிவிட்டது. குற்றம் இருக்கிறது என்று சொன்னால் எல்லார் பேரும் எழுத வேண்டும். குற்றம் இல்லை என்று சொன்னால் சங்கங்கள் விடாது. ஆகவே தேதி குறிப்பிடாமல் விசாரணையை ஒத்திவைத்தார்கள். அது முடியும்வரை பேர் நிறுத்தம் நீடிக்கும். பேர் இல்லாதவனுக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ். சுருள்கள் ஆபீஸ் பீரோவில். இல்லாத குற்றத்துக்கு இவ்வளவு நேர்த்தியாகத் தண்டனை கொடுக்க எட்டாம் வகுப்புப் படிப்பு போதாது.

நான் அன்றே சாமான்களைக் கட்டத் தொடங்கினேன். தம்பியைத் திட்டினேன். எழுதினால் அச்சாகாது. பெப்பீனோ சாமி ஆபீஸுக்கு நடந்து நடந்து வந்தார். படம் ஆலயத்தின் சொத்து என்றார். ஒயர் கம்பெனியின் சொத்து என்றார்கள்.

புதன்கிழமை காலை ஆறரைக்குப் பெரட்டில் சந்தனமேரியின் பேரைக் கூப்பிட்டார்கள்.  கூடையைத் தரையில் கவிழ்த்துவைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். அடுத்தது சிசிலி. அவளும் கூடையைக் கவிழ்த்தாள். கொழுந்து எடுக்கும் பெண்கள் அறுபத்திரண்டு பேர். வரிசையாக எல்லாரும் கவிழ்த்தார்கள். வேலி ஓரத்தில் நின்று நான் எண்ணினேன்.

"என்னது? ஸ்டிரைக்கா? எந்தச் சங்கம்?" என்று கங்காணி பதறினார்.

"சங்கமும் இல்ல, சட்டியும் இல்ல. படம் முழுசா ஓடலைல்லா? பாதியில அமத்திட்டிய. நாங்க மீதியப் பாக்கணும்."

"அந்தப் படத்துல என்னடி இருக்கு?"

"நான் இருக்கேன்" என்றாள் சந்தனமேரி. "எங்கப்பன் செத்தான், எங்கம்மை செத்தா, ஒரு ஃபோட்டோ கெடையாது. நான் நடந்து வாரத நான் பாத்ததே இல்ல. பாக்க ஆரம்பிச்சேன், லைட்ட அமத்திட்டானுவ. அத எடுத்தவன் பேரயும் அடிக்கியளாமே? அவன் இல்லாம மெஷின ஓட்டுறது யாரு, ஒங்க ஐயாவா?"

இரண்டு தலைவர்களும் ஓடி வந்தார்கள். சுவக்கீன், "தங்கச்சிமாரே, முறைப்படி சங்கத்துல எழுதிக் குடுங்க" என்றார். ஞானமுத்து, "இது எதிரிகளோட சதி" என்றார். எதிரி யார் என்று சந்தனமேரி கேட்டாள். அவர் சுவக்கீனைப் பார்த்தார். சுவக்கீன் அவரைப் பார்த்தார்.

மாசிக் கொழுந்து குறைவுதான். ஆனால் அன்று உள்ள கொழுந்தும் வரவில்லை என்றால் உருளை மெஷின் சும்மா சுற்றும். பதினோரு மணிக்கு மானேஜர் ஓர் ஆர்டர் டைப் அடித்து ஒட்டினார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. வியாழன் மாலை ஏழு மணிக்குப் படம் முழுவதும் காட்டப்படும். மெஷினை ஓட்டுவதற்காக சிலுவைராஜின் பேர் மறுபடியும் சேர்க்கப்படுகிறது. விசாரணைக் கோப்பு மூடப்படுகிறது. ஆனால் படம் ஓடும்போது சிலுவைராஜ் வாயைத் திறக்கக்கூடாது.

வியாழக்கிழமை பெண்கள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாற்காலிகளைப் பின்னால் போட வேண்டியதாயிற்று. தம்பி மெஷின் பக்கத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். அவன் சொல்லாத படத்தை எங்கள் ஆள்கள் எப்படிப் பார்ப்பார்களோ என்று எனக்குப் பயம். படம் ஓடியது. கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும்.

"அது நான்" என்றாள் சிசிலி மெல்ல.

"ஆமா, ஒன் வயிறு."

"பெறத்தால வாரது யாரு, சகாயத்துக்கப் பொண்டாட்டியா? என்னமா நடக்கா பாரு, ராணி மாதி!"

"ஏ பிலோமி விழுதா, பிலோமி விழுதா... எந்திரிச்சிட்டா!"

"அந்தக் கொடம் எங்க ஊட்டுக் கொடம். ஒடைச்சது இவதானா!"

இப்படி ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டே போனார்கள். சந்தனமேரி மட்டும் தான் வரும்போதெல்லாம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தொட்டி விளிம்பில் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவதோடு படம் முடிந்தது. "இன்னொருக்க ஓட்டுலே" என்றாள். மூன்று முறை ஓட்டினான். மானேஜர் கையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டில் பேர் கூப்பிட்டபோது தம்பி முதல் ஆளாக நின்றான். நான் கட்டிவைத்த சாமான்களை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி டீக்கு வந்தவன், "யக்கா, ரோட்டுக்கு வந்து பாரு" என்று கூப்பிட்டான்.

மேல் ரோட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: 'பெண் தொழிலாளர்களுக்குத் திரைப்படம் காணும் உரிமையை வென்று தந்த தலைவர் சுவக்கீன் வாழ்க!' பசை இன்னும் காயவில்லை. கீழ் ரோட்டுக்கு இறங்கிப் போனோம். அங்கே ஞானமுத்து வாழ்க. வாசகம் ஒன்றுதான். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரியது. அதற்குக் கீழே இரண்டு பெண்கள் ஓடையிலிருந்து தூக்கி வந்த குடத்தை இறக்கிவைத்து, இடுப்பை மாற்றிக்கொண்டு மறுபடியும் தூக்கினார்கள்.

தம்பி இரண்டு கையையும் கண்ணுக்கு முன்னால் சதுரமாக வைத்து, நோட்டீஸும் குடமும் ஒன்றாகத் தெரியும்படி நகர்ந்து நகர்ந்து பார்த்தான்.

"ஒரு சுருளு இருந்தாப் போதும்க்கா" என்றான். "ஒரே ஒரு சுருளு."